மூணு படம், ஒரு வவுச்சர்

முன்குறிப்பு: மூணு படத்தோட முடிவையும் கீழே போட்டு உடைச்சிருக்கேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க. பதிவு எங்கயும் ஓடிப் போகாது :)

எனக்கு குற்றப் படங்கள்னா உசிரு. ஆனா யார் கொன்னாங்கன்னு கடைசி வரைக்கும் ஒளிச்சு வச்சு விளையாடற வகை இல்லை. அது குறுக்கெழுத்துப் போடற மாதிரி, முடிஞ்சா முடிஞ்சுது. நான் சொல்றது வேற வகை. குற்றவாளி யாருன்னு நமக்கு முதல்லயே தெரியும். பல சமயம் அவன் நல்லவனும்கூட. காலையில எழுந்து பல் தேய்ச்சு வேலைக்குப் போற ஆளு. அவன் முன்னாடி ஒரு கதவு திறக்குது, உள்ளே போறதா வேண்டாமான்னு யோசிக்கிறான். அங்கேதான் படமே.

அந்த வகையில மூணு படத்தை போன மாசம் வரிசையா மறுபடி பார்த்தேன். ஏன் இந்த மூணுன்னு கேட்டா அப்போ எனக்கே பதில் தெரியாது. பார்த்து முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. அதைக் கடைசியில சொல்றேன்.

ஹை அண்ட் லோ (1963)

அகிரா குரோசாவா படம். ஜப்பானியத் தலைப்போட அர்த்தம் 'சொர்க்கமும் நரகமும்'. எட் மெக்பெய்ன் எழுதின அமெரிக்க நாவல் ஒண்ணை எடுத்து யோகஹாமாவுல நட்டு வச்சிருக்கார். குரோசாவான்னா வாளும் சாமுராயும்தான்னு நினைக்கறவங்க கட்டாயம் பார்க்கணும். ஸ்பைக் லீ 2025-ல இதையே நியூயார்க்குக்குக் கொண்டு போய் டென்சல் வாஷிங்டனை வச்சு எடுத்தார். ஒரிஜினலை முதல்ல பாருங்க.

கோண்டோ (தோஷிரோ மிஃபுனே) ஒரு செருப்புக் கம்பெனியில பெரிய அதிகாரி. அடிமட்டத் தொழிலாளியா ஆரம்பிச்சு குன்று மேல பங்களா கட்டுற அளவுக்கு வந்தவர். மத்த டைரக்டர்கள் மட்டமான செருப்பு செஞ்சு காசு பார்க்கணும்கிறாங்க. இவருக்கு அது பிடிக்கலை. வீடு உட்பட எல்லாத்தையும் அடமானம் வச்சு, கம்பெனியைத் தன் கைக்குள்ள கொண்டு வர்ற அளவுக்குப் பங்கு வாங்கத் திட்டம். 5 கோடி யென்னுக்குச் செக் ரெடி. அந்த நேரத்துல போன் வருது. "உன் பையனைக் கடத்திட்டோம், 3 கோடி யென் எடுத்து வை."

மனுஷன் ஒரு நொடி யோசிக்கலை. தர்றேன்னுட்டார். அப்போ பார்த்து அவர் பையன் ஓடி வந்து முன்னாடி நிக்கிறான். கடத்தினவன் ஆள் மாத்தித் தூக்கிட்டான். அவன்கிட்ட இருக்கறது வீட்டு டிரைவரோட பையன். அதனால என்ன, காசு நீதான் தரணும்கிறான்.

இனிமேதான் படம். தன் பிள்ளைக்குன்னா யோசிக்காம எடுத்து நீட்டின அதே பணம், டிரைவர் பிள்ளைக்குன்னதும் திடீர்னு கனக்க ஆரம்பிக்குது. கொடுத்தா வீடு போகும், வேலை போகும், தெருவுல நிக்கணும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கேமரா அந்த ஹாலை விட்டு வெளியே போகறதே இல்லை. பொண்டாட்டி கெஞ்சுறா. போலீஸ்காரங்க தரையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க. அந்த டிரைவர் இருக்காரே... அவரால வாயைத் திறந்து கேட்கவும் முடியலை, கேட்காம இருக்கவும் முடியலை. மூலையில குனிஞ்சு நிக்கிறார். முதலாளி கிட்ட எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாதுன்னு வாழ்நாள் முழுக்கப் பழகின உடம்பு அது. அந்த நிக்கிற விதத்தைப் பார்த்துட்டுத் தூங்கப் போனா தூக்கம் வராது.

கோண்டோ கடைசியில கொடுக்கிறார். ஓடற ரயில்ல பாத்ரூம் ஜன்னல் ஏழு சென்டிமீட்டர்தான் திறக்கும், அது வழியா தூக்கிப் போடற மாதிரி பை வேணும்னு கடத்தினவன் கேட்டிருப்பான். பைக்குள்ள போலீஸ் கொடுக்கிற ரசாயனத்தை மறைச்சுத் தைக்கணும். அந்தப் பெரிய அதிகாரி பழைய செருப்புத் தைக்கிற கருவிகளை எடுத்துட்டு வந்து தரையில உட்கார்ந்து தானே தைக்கிறார். சொத்து மொத்தமும் கையை விட்டுப் போகப் போற நேரத்துல, முதல் நாள் கத்துக்கிட்ட வேலை மட்டும் கையில நிக்குது.

பையன் பத்திரமா திரும்பிடறான். பின்னாடி பணமும் பெரும்பகுதி கிடைக்குது. ஆனா கடன்காரங்க அதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. நல்லது செஞ்சதுக்குப் பரிசெல்லாம் கிடையாது, பில்தான் வருது. கட்டிட்டுப் போறார்.

இன்னொரு விஷயம், நிறைய பேர் கவனிக்காம விடறது. போலீஸ் கடத்தினவனைக் கண்டுபிடிச்சப்புறமும் உடனே பிடிக்க மாட்டாங்க. கடத்தலுக்கு மட்டும்னா தண்டனை கம்மி. கூட்டாளிகளைக் கொன்னதையும் நிரூபிச்சா தூக்கு. அதுக்காக அவனை வெளியே விட்டுப் பின்னாடியே போறாங்க. அந்த இடைவெளியில அவன் போதைக்கு அடிமையான ஒரு பொண்ணைக் கொன்னுடறான். அவளுக்காக யாரும் அழலை. கோண்டோவுக்கு நியாயம் வாங்கித் தரணும்னு கிளம்பின நல்ல போலீஸ்காரங்க, பேர் தெரியாத ஒரு உயிரைக் கணக்குலயே சேர்க்கலை. குரோசாவா இதைப் பத்தி யாரையும் பேச விடாம நகர்ந்துடறார். நாமதான் சுமக்கணும்.

எ சிம்பிள் பிளான் (1998)

சாம் ரெய்மி படம். ஆமா, பேய்ப் படம் எடுத்து அப்புறம் ஸ்பைடர்மேன் எடுத்தாரே, அவரேதான். ஸ்காட் ஸ்மித் தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதியிருக்கார்.

மின்னசோட்டா, எங்க பார்த்தாலும் பனி. ஹேங்க் (பில் பாக்ஸ்டன்) மாட்டுத்தீவனக் கடையில கணக்கு எழுதறவன். பொண்டாட்டி நிறைமாசக் கர்ப்பிணி. அண்ணன் ஜேக்கப் (பில்லி பாப் தார்ன்டன்) கொஞ்சம் வெள்ளந்தி. அவனோட கூட்டாளி லூ, குடிகாரன். மூணு பேரும் காட்டுக்குள்ள விழுந்து கிடக்கற ஒரு சின்ன விமானத்தைப் பார்க்கறாங்க. உள்ளே செத்துப் போன பைலட், ஒரு பையில 44 லட்சம் டாலர்.

ஹேங்க் முதல்ல போலீஸ்ல கொடுத்துடலாம்னுதான் சொல்வான். அப்புறம் ஒரு சமரசத்துக்கு வர்றான். 'பணம் என்கிட்ட இருக்கட்டும். விமானத்தைக் கண்டுபிடிச்சு யாரும் தேடலைன்னா பிரிச்சுக்கலாம். தேடினா எரிச்சுடலாம்.' எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க! திருட்டு மாதிரியே இல்லை. தலைப்புல இருக்கற 'எளிமையான திட்டம்' இதுதான்.

அடுத்து என்ன ஆகுதுன்னா, ஒவ்வொரு படியும் போன படியை மறைக்க வைக்கிற படி. பனியில வண்டி ஓட்டிட்டு வர்ற ஒரு கிழவர் கண்டுபிடிச்சுடுவாரோன்னு பயந்து ஜேக்கப் அடிச்சுடறான். அது பயத்துல நடந்தது. ஆனா கிழவர் சாகலை, முனகறார். ஹேங்க் அவரோட மூக்கையும் வாயையும் பொத்தறான். இது பயம் இல்லை. படிச்ச, பொறுப்பான, எல்லாரும் மதிக்கிற தம்பி யோசிச்சு செய்யற வேலை. அப்புறம் லூ, லூவோட மனைவி, ஊர் ஷெரீப்னு வரிசையா போய், கடைசியில அண்ணன்ல வந்து நிக்குது.

இதெல்லாம் முடிஞ்சப்புறம், அந்த நோட்டுகள்ல ஒரு பகுதியோட நம்பரைக் குறிச்சு வச்சிருக்கோம்னு எப்பிஐ சொல்லுது. ஒரு டாலர்கூட செலவு பண்ண முடியாது. ஹேங்க் மொத்தத்தையும் வீட்டுக் கணப்புல போட்டு எரிக்கிறான். இதைவிடப் பெரிய குற்றப் படமெல்லாம் பார்த்திருக்கேன். ஆனா அந்தப் பணம் எரியற சத்தம் மாதிரி எதுவும் என்னை உலுக்கலை.

இந்தப் படத்துல கெட்டவன்னு யாரைச் சொல்றது? ஹேங்க் ராத்திரி வீட்டுக்கு வந்தா பொண்டாட்டி அடுத்தது என்ன செய்யணும்னு நிதானமா சொல்லிக் கொடுக்கிறா. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கிட்டே. அவ கெட்டவ இல்லை, தன் குடும்பத்தைப் பார்க்கிறா. அதுதான் பயம்.

கான் பேபி கான் (2007)

நடிகர் பென் ஆஃப்லெக் இயக்கின முதல் முழுநீளப் படம். டென்னிஸ் லெஹேன் நாவல். ஹீரோ இயக்குநரோட தம்பி கேஸி ஆஃப்லெக். தம்பிக்கு சான்ஸ் கொடுத்திருக்கார்னு சந்தேகத்தோடதான் உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்துல சந்தேகம் போயிடுச்சு.

பாஸ்டன் நகரத்துல டார்செஸ்டர்னு உழைக்கிற ஜனங்க ஏரியா. நாலு வயசு அமாண்டா காணாமப் போயிடறா. அம்மா ஹெலன் (ஏமி ரையன், ஆஸ்கருக்குப் பரிந்துரையான நடிப்பு) போதை, குடி, வாயைத் திறந்தா வசவு. குழந்தையோட மாமா அத்தைதான் பேட்ரிக், ஆஞ்சின்னு ரெண்டு தனியார் துப்பறிவாளர்கள் கிட்ட வர்றாங்க. அவங்க ரெண்டு பேரும் காதலர்கள்.

சுத்தி வளைச்சு உண்மை தெரியும்போது, குழந்தையைத் தூக்கினது பணத்துக்காக இல்லை. ரிட்டையர் ஆன போலீஸ் கேப்டன் டாயில் (மார்கன் ஃப்ரீமேன்) வீட்டுல குழந்தை சந்தோஷமா இருக்கா. அவரோட சொந்த மகளைக் கொலைக்குப் பறிகொடுத்தவர் அவர். இந்த அம்மா கிட்ட வளர்ந்தா இந்தப் பொண்ணு உருப்படாதுன்னு முடிவு பண்ணி, கூட்டாளிகளோட சேர்ந்து செஞ்சிருக்கார்.

இப்போ பேட்ரிக் என்ன செய்யணும்? ஆஞ்சி, விட்டுடு, குழந்தை இங்கேயே இருக்கட்டும்கிறா. நீ போன் பண்ணினா உன்னை வெறுத்துடுவேன்கிறா. பேட்ரிக் போன் பண்றான். டாயிலைக் கைது பண்றாங்க, குழந்தை அம்மா கிட்ட போகுது, ஆஞ்சி விட்டுட்டுப் போயிடறா.

கடைசிக் காட்சி. ஹெலன் மேக்கப் போட்டுக்கிட்டு ஒருத்தனோட வெளியே கிளம்பறா. குழந்தையைப் பார்த்துக்க ஏற்பாடு எதுவும் இல்லை. பேட்ரிக் நான் பார்த்துக்கறேன்னு உட்கார்றான். குழந்தை கையில பொம்மை. காணாமப் போனப்போ அம்மா ஊருக்கெல்லாம் சொன்ன பேரைச் சொல்லி, இதுதானே உன் மிரபெல்னு கேட்கிறான். இல்லை, அனபெல்ங்குது குழந்தை. தன் பிள்ளையோட பொம்மை பேருகூட அந்தம்மாவுக்கு ஒழுங்கா தெரியலை. ரெண்டு பேரும் சோபாவுல டிவி பார்க்கறாங்க. படம் முடிஞ்சுது.

பேட்ரிக் செஞ்சது சரியா? மூணு தடவை பார்த்திருக்கேன், மூணு தடவையும் வேற வேற பதில். இப்போதைக்கு நான் பேட்ரிக் பக்கம்தான். அந்தக் குழந்தை முப்பது வயசுல வந்து, உனக்குத் தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தேன்னு கேட்டா பதில் வேணும்ல.

சரி, இனிமே என் கதை

கோண்டோ சரியானதைச் செஞ்சார், விலையை அவரே கொடுத்தார். பேட்ரிக் சரின்னு நினைச்சதைச் செஞ்சான், விலையில பாதியைக் குழந்தை கொடுக்குது. ஹேங்க் தப்பைச் செஞ்சான், விலையை ஊரே கொடுத்துச்சு. இப்படி மூணையும் ஒரு தாள்ல எழுதி வச்சுப் பார்த்துட்டு இருந்தப்போதான் ஏன் இந்த மூணுன்னு எனக்குப் புரிஞ்சுது.

1997. ஈரோட்டுல ஒரு மஞ்சள் மண்டியில கணக்கு எழுதிட்டு இருந்தேன். மாசம் 1,800 ரூபா சம்பளம். அக்கா கல்யாணக் கடன் தலைக்கு மேல. மண்டியில எடுபிடிக்கு ஒரு பையன். பதினேழு வயசு இருக்கும். டீ வாங்கறது, சாக்குல நம்பர் போடறது, முதலாளி சாப்பிடப் போனா கல்லாப் பக்கத்துல உட்கார்றது.

சீசன் நேரம். முதலாளி காலையிலயே ஏலத்துக்குப் போயிருந்தார். சுமை தூக்கறவங்களோட மேஸ்திரிக்கு வாரக் கூலி 9,300 ரூபா நான்தான் எண்ணிக் கொடுத்தேன். வவுச்சர்ல கைநாட்டு வாங்கிக் கட்டுல வச்சேன். நோட்டுல ஏத்தும்போது 3,900-னு எழுதிட்டேன்.

சாயங்காலம் கல்லாவுல 5,400 குறையுது. மூணு தடவை எண்ணினோம். நான் கூட்டலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், கூட்டல் சரி. வவுச்சரையும் நோட்டையும் ஒவ்வொண்ணா வச்சு ஒத்துப் பார்க்கலை. கணக்கு எழுதறவங்களுக்குத் தெரியும், குறையற தொகை ஒன்பதால மீதியில்லாம வகுபட்டா இலக்கம் இடம் மாறியிருக்கான்னு முதல்ல பார்க்கணும். 5,400. ஒன்பதால வகுத்தா 600. பால பாடம். பார்க்கலை.

மத்தியானம் கல்லாவுல உட்கார்ந்திருந்தது யாருன்னு முதலாளி கேட்டார். அவ்வளவுதான்.

அடிச்சாங்க. அதிகம் இல்லை, ஆனா அடிச்சாங்க. அந்த மாசச் சம்பளத்தைப் பிடிச்சுக்கிட்டு அனுப்பிட்டாங்க. போலீஸுக்குப் போகலைங்கறதே பெரிய மனசுன்னு பேசிக்கிட்டாங்க. மறுநாள் அவங்கம்மா வந்தாங்க. உள்ளே வரலை, வாசல் ஓரமா நின்னாங்க. "சாமீ, எம் பையன் எடுத்திருக்க மாட்டானுங்க"-ன்னு ஒரே ஒரு வாக்கியம். முதலாளி நிமிர்ந்து பார்க்கலை. ரொம்ப நேரம் நின்னுட்டுப் போயிட்டாங்க. குரோசாவா படத்துல அந்த டிரைவர் நிக்கிறதை மேலே சொன்னேன் இல்லையா, அதை நான் முன்னாடியே பார்த்திருக்கேன்.

மாசக் கடைசியில வவுச்சர்களைக் கட்டி வைக்கும்போது 9,300 கையில வந்துச்சு. வயித்துல ஏதோ இறங்கின மாதிரி இருந்துச்சு.

அப்போ போய்ச் சொல்லியிருக்கலாம். என்ன ஆகியிருக்கும்? திட்டு விழுந்திருக்கும், வேலைகூடப் போயிருக்கலாம். கோண்டோ இழந்ததுல நூத்துல ஒரு பங்கு இல்லை. நான் என்ன செஞ்சேன்னா, அந்த வவுச்சரைக் கிழிச்சுப் போட்டுட்டு, 3,900-க்குப் புதுசா ஒண்ணு எழுதி, என் இடது கட்டைவிரலை மையில தொட்டு வச்சேன். ஆடிட்டருக்கு எல்லாம் டேலி ஆச்சு.

3,900-னு எழுதினது தப்பு. தப்பு யாருக்கும் வரும். ரேகை வச்சது குற்றம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மேஜையும் அஞ்சு நிமிஷமும்தான் இருந்துச்சு. கிழவரோட முனகலைக் கேட்டுட்டு ஹேங்க் பக்கத்துல போறானே, அந்த அஞ்சு நிமிஷம். அவன் கொலை பண்ணான், நான் ஒரு பையனோட பேரைக் கொன்னேன். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. ரெண்டு பேரும் கணக்கு எழுதறவங்க, ரெண்டு பேரும் குடும்பத்துக்காகன்னு சொல்லிக்கிட்டோம்.

இத்தனை வருஷத்துல யார்கிட்டயும் இதைச் சொன்னதில்லை. போன மாசம் 'எ சிம்பிள் பிளான்' முடிஞ்சு, பணம் எரிஞ்சு, டைட்டில் ஓடிட்டு இருந்தப்போ தங்கமணி கிட்ட சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்தப் பையன் பேரு ஞாபகம் இருக்கா?"-ன்னு மட்டும் கேட்டாங்க. இருக்கு. எப்படி இல்லாம இருக்கும். சொன்னேன். "அப்போ போய்ப் பார்த்துட்டு வாங்க"-ன்னாங்க.

முதலாளி இப்போ இல்லை, மண்டியும் இல்லை. பழைய சுமைக்காரர் ஒருத்தரைப் பிடிச்சு விசாரிச்சேன். அந்தப் பையன் பெருந்துறைப் பக்கம் வெல்டிங் பட்டறை வச்சிருக்கானாம். பையன்னு எழுதறேன், அவருக்கும் இப்போ நாற்பத்தஞ்சு தாண்டியிருக்கும்.

போன ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போனேன். என்ன சொல்லணும்னு வழி நெடுக ஒத்திகை. 5,400 ரூபாயை இன்னைக்கு வட்டியோட எவ்வளவுன்னு கணக்குப் போட்டு ஒரு கவர்லயும் வச்சிருந்தேன். அசிங்கமா இருக்குன்னு பாதி வழியில அதைப் பைக்குள்ள அடியில திணிச்சுக்கிட்டேன். பட்டறையைக் கண்டுபிடிச்சேன். ஷட்டர் இறங்கியிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை லீவுன்னு பக்கத்து டீக்கடையில சொன்னாங்க. போன் நம்பர் ஷட்டர் மேலயே எழுதியிருந்துச்சு. நான் குறிச்சுக்கலை.

மூடியிருந்த ஷட்டரைப் பார்த்ததும் எனக்கு வந்தது ஏமாற்றம் இல்லை. நிம்மதி. அப்பாடான்னு இருந்துச்சு. டீ குடிச்சேன், அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். ஈரோடு வந்து இறங்கும்போதுதான் உறைச்சுது. 1997-ல வவுச்சர் டேலி ஆனப்போ வந்தது இதே நிம்மதிதான். ஒரு மாத்தமும் இல்லை.

ஞாயித்துக்கிழமை பட்டறை திறந்திருக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியாதான்னு தங்கமணி கேட்கலை. நானே கேட்டுக்கிட்டேன்.

வர்ற புதன்கிழமைக்கு லீவு சொல்லியிருக்கேன். இதை இங்கே எழுதி வச்சா ஒரு பத்துப் பேருக்காவது தெரியும், அப்புறம் போகாம இருக்க முடியாதுன்னுதான் எழுதறேன். புதன் ராத்திரி யாராவது கேளுங்க, போனியான்னு.